ஒரு மாத்திரையை நிறுத்துவதில் தொடங்கும் சிகிச்சை

முதல் வலிப்பு பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் வருகிறது. அதுவரை குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தலை நின்றுவிட்டது, குப்புற விழப் பழகிவிட்டது, முகம் பார்த்துச் சிரிக்கிறது. ஒரு நாள் லேசான காய்ச்சல். சில வீடுகளில் அது தடுப்பூசி போட்ட அன்றைய மாலை. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஐந்து நிமிடம் ஆகிறது, பத்து நிமிடம் ஆகிறது, அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. யாரோ ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து பிஞ்சுக் கையில் திணிக்கிறார்கள். ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள். மருத்துவமனையில் ஊசி போட்டு நிறுத்துகிறார்கள். ‘காய்ச்சல் வலிப்புதான், வளர வளரச் சரியாகிவிடும்’ என்று சொல்லி மறுநாள் அனுப்பிவைக்கிறார்கள்.

அந்த ஆறுதல் பொய்யல்ல. காய்ச்சலோடு வலிப்பு வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஐந்தாறு வயதுக்குள் அதைக் கடந்து, பள்ளிக்கூடம் போய், மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்துவிடுகிறார்கள். வெகு சிலருக்கு மட்டும் கதை வேறாகிறது. ஒன்றிரண்டு மாதங்களில் இன்னொரு வலிப்பு. சென்ற முறை வலப்பக்கம் என்றால் இந்த முறை இடப்பக்கம். அதுவும் நீண்ட நேரம். பிறகு காய்ச்சலே இல்லாமலும் வருகிறது. வெந்நீரில் குளிப்பாட்டினால் வருகிறது, வெயிலில் விளையாடினால் வருகிறது. ஒரு வயதுக்கு மேல் கை கால்கள் திடீர் திடீரென்று தூக்கிப்போடுகின்றன. இரண்டாம் வயதில், வந்துகொண்டிருந்த பேச்சு தேங்குகிறது.

இதற்குள் தினசரி மருந்து தொடங்கியிருக்கும். வலிப்பு என்றதும் நம் மருத்துவர்களின் பேனா பழக்கத்திலேயே எழுதும் பெயர்கள் சில உண்டு: ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், புதியவற்றில் ஆக்ஸ்கார்பசெபைன், லாமோட்ரிஜின். எல்லாமே நல்ல மருந்துகள். இவற்றின் தயவால் எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் இந்தக் குழந்தைக்கு இவை வலிப்பைக் கூட்டுகின்றன. வலிப்பு கூடுகிறதே என்று மருந்தின் அளவைக் கூட்டுகிறார்கள். அளவு கூடக் கூட வலிப்பும் கூடுகிறது. யாருடைய அலட்சியமும் இல்லாமலே, எல்லோரும் நல்லதை நினைத்துச் செய்துகொண்டிருக்கும்போதே, ஒரு குழந்தையின் மூளை வருடக்கணக்கில் அடி வாங்குகிறது.

இந்த நோய்க்கு டிராவே சிண்ட்ரோம் என்று பெயர். பிரான்சின் மார்செய் நகரில் வலிப்பு நோய்க் குழந்தைகளைப் பார்த்துவந்த சார்லட் டிராவே என்ற மருத்துவர், 1978-ல் இதைத் தனி நோயாகப் பிரித்தெழுதினார். அப்போது மரபணு ஆய்வு கிடையாது; மூளையைப் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ கிடையாது. தாய்மார்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, எந்த வயதில், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம், காய்ச்சல் இருந்ததா என்று குறித்துக்கொண்டே வந்ததில் அவருக்குப் புலப்பட்ட ஒழுங்கு இது. இன்றும் நோயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி அந்தக் கேள்விகள்தான். அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 15,500 பிறப்புக்கு ஒரு குழந்தை என்ற விகிதம் வந்தது. அரிய நோய்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் குழந்தைகள் பிறக்கின்றன. அந்த விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் பல பத்துக் குழந்தைகள் இந்த நோயோடு நம்மிடையே பிறந்துகொண்டிருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேரின் மருத்துவக் கோப்பில் இந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

தேரும் முட்டுக்கட்டையும்

நல்ல மருந்து ஏன் நஞ்சாகிறது? 2001-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆய்வாளர்கள் இந்த நோயுள்ள ஏழு குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஏழு பேரிலும் ஒரே மரபணு பழுதாகியிருந்தது: எஸ்சிஎன்1ஏ. நரம்பணுக்களின் சவ்வில் சோடியம் உள்ளே நுழைவதற்கென்று சிறு வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை வாசலைச் செய்வதற்கான குறிப்பு இந்த மரபணுவில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு பிரதி வேலை செய்வதில்லை. வாசல்கள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன.

வாசல் குறைந்தால் மூளை அடங்கித்தானே போக வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது என்ற புதிர் சில ஆண்டுகள் இருந்தது. சியாட்டிலில் 2006-ல் எலிகளில் செய்த ஆய்வு அதை அவிழ்த்தது. தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வடம் பிடித்து இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் சக்கரத்தருகே குனிந்தபடி முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர்தான். அவர்களை நம்பித்தான் தேர் தெருமுனையில் திரும்புகிறது, நிலைக்கு வந்து நிற்கிறது. மூளையிலும் இழுக்கும் அணுக்கள் உண்டு, முட்டுக்கட்டை போடும் அணுக்கள் உண்டு. எஸ்சிஎன்1ஏ செய்துதரும் வாசலை அதிகம் நம்பியிருப்பவை முட்டுக்கட்டை அணுக்கள். வாசல் பாதியானதும் அவற்றின் கை தளர்கிறது. தேர் தறிகெட்டு ஓடுகிறது.

ஃபெனிட்டாயினும் கார்பமசெபைனும் லாமோட்ரிஜினும் என்ன செய்கின்றன? சோடியம் வாசல்களை அடைக்கின்றன. சாதாரண வலிப்பில் அளவுமீறி இழுப்பவர்களின் கையை அது தளர்த்துகிறது, தேர் அடங்குகிறது. டிராவே குழந்தையிலோ ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் முட்டுக்கட்டைக்காரரின் கையில் மிச்சமிருந்த வலுவையும் பறித்துவிடுகிறது. மரபணு கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1998-ல், இத்தாலியின் ரென்சோ குவெரினியும் டிராவேயும் உடன் சிலரும் இதைக் கண்ணால் கண்டு எழுதிவிட்டார்கள். லாமோட்ரிஜின் கொடுக்கப்பட்ட 21 பேரில் 17 பேருக்கு நோய் மோசமானது. காரணம் பிறகு தெரிந்தது. எச்சரிக்கை முன்பே வந்துவிட்டது. நெதர்லாந்தில் 2018-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போனது. நோய் தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த மருந்துகளை எவ்வளவு காலம் எடுத்தார்களோ, அதற்கேற்ப அந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பிற்காலத்தில் பின்தங்கியிருந்தது.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒருவர் உடனே தம் குழந்தையின் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எந்த வலிப்பு மருந்தையும் திடீரென நிறுத்தினால் அதுவே நில்லா வலிப்பில் கொண்டுபோய்விடும். நரம்பியல் மருத்துவர் பார்த்து, ஒன்றைக் குறைத்து, மற்றொன்றைத் தொடங்கி, படிப்படியாகச் செய்ய வேண்டிய மாற்றம் இது. அதோடு, மரபணு வலிப்பு என்றாலே இந்த மருந்துகள் ஆகாது என்றும் எண்ணிவிடக் கூடாது. எஸ்சிஎன்2ஏ, எஸ்சிஎன்8ஏ, கேசிஎன்கியூ2 என்ற வேறு மரபணுக்கள் பழுதாகிப் பிறந்த சில நாட்களிலோ மாதங்களிலோ வலிப்பு வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலரைக் காப்பாற்றுவதே ஃபெனிட்டாயினும் கார்பமசெபைனும்தான். ஒரு குழந்தையைக் கெடுக்கும் மாத்திரை பக்கத்துப் படுக்கைக் குழந்தையை எழுப்பி உட்கார வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வலிப்புதான். எந்த மரபணு என்று தெரியாமல் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனையை ‘வசதியுள்ளவர்கள் செய்துகொள்வது’ என்று ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தடுப்பூசியின் மேல் விழுந்த பழி

தடுப்பூசியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நோய் தலைகாட்டும் வயதும் தடுப்பூசி அட்டவணையின் வயதும் ஒன்றாக இருக்கின்றன. ஊசி போட்டால் சிறு காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் இந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும். அப்படியிருக்க, ‘நல்லா இருந்த பிள்ளை, ஊசி போட்டாங்க, இப்படி ஆயிடுச்சு’ என்று ஒரு தாய் சொன்னால் அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். பிரிட்டனில் 1974-ல் கக்குவான் தடுப்பூசிக்குப் பின் மூளை பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 36 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நாடே நடுங்கியது. எண்பது சதவீதத்தை ஒட்டியிருந்த தடுப்பூசி விகிதம் சில ஆண்டுகளில் முப்பது சதவீத அளவுக்குச் சரிந்தது. அதன் பிறகு கக்குவான் பெருவாரியாகப் பரவியது.

ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச்சும் இங்க்ரிட் ஷெஃபரும் அடங்கிய குழு 2006-ல் ஒரு காரியம் செய்தது. தடுப்பூசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைத் தேடி எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். 14 பேரில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பழுதாகியிருந்தது. ஊசி போடாமல் இருந்திருந்தாலும் அடுத்த சளிக்காய்ச்சலில் அந்த வலிப்பு வந்திருக்கும். 2010-ல் அதே ஆய்வாளர் வட்டம் 40 டிராவே நோயாளிகளைப் பார்த்தது. தடுப்பூசியை ஒட்டி நோய் தொடங்கியவர்களும் அப்படித் தொடங்காதவர்களும் பிற்காலத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆகவே இந்தக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி வேண்டும். தட்டம்மைக் காய்ச்சலை அவர்களால் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே தாங்க முடியும். ஊசி போடும் நாளில் காய்ச்சல் மருந்தையும் அவசர மருந்தையும் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி போட வேண்டும்.

இன்னொரு பழி வீட்டுக்குள்ளேயே விழுகிறது. மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் ‘யார் வழியில் வந்தது?’ என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் அந்த விசாரணை எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்ணைப் பெற்ற வீட்டில் முடியும். மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்பார்கள். டிராவே நோயில் பெரும்பாலும் அந்த மரபணு மாற்றம் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. கரு உருவாகும் தறுவாயில் புதிதாக நேர்ந்தது. சொந்தத்தில் திருமணம் செய்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. சில பெற்றோரின் உடலில் ஒரு பகுதி அணுக்களில் மட்டும் அந்த மாற்றம் ஒளிந்திருக்கலாம் என்பதால் அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை தேவை. அது திட்டமிடலுக்காக. குற்றவாளியைத் தேடுவதற்காக அல்ல.

விலை குறைந்த முதல் படி

இந்தக் குழந்தைகளுக்கு முதலில் தரவேண்டிய இரண்டு மருந்துகள் புதியவையும் அல்ல, அரியவையும் அல்ல: வால்புரோயேட், குளோபசாம். இரண்டும் நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. விலையும் கையைக் கடிப்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வால்புரோயேட் கொடுக்கும்போது கல்லீரலைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தவிர, எந்த மாவட்ட மருத்துவமனையிலும் தொடங்கக்கூடிய சிகிச்சை. வேண்டாத மருந்தை விலக்கி இந்த இரண்டையும் வைப்பதற்குப் பணம் தேவையில்லை. நோயின் பெயர் தெரிந்தால் போதும். அரிய நோய் என்றதும் கோடிக்கணக்கான ரூபாயை நினைத்து எல்லோரும் கைவிரித்துவிடுகிறோம். இந்த நோயில் முதல் படி அறிவு சார்ந்தது. அதைக்கூட எட்டவிடாமல் வைத்திருப்பதற்கு நமக்கு எந்தச் சாக்கும் இல்லை.

அடுத்த படிகளில்தான் விலை ஏறுகிறது. ஸ்டிரிபென்டால் என்ற மருந்தை பாரிஸ் மருத்துவர் கத்ரீன் ஷிரோன் டிராவே குழந்தைகளிடம் சோதித்தார். அரிய நோய்களுக்கு முறையான மருந்துச் சோதனை நடத்தவே முடியாது, ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் 41 குழந்தைகளைச் சேர்த்தார். வால்புரோயேட், குளோபசாமோடு ஸ்டிரிபென்டாலும் பெற்ற 21 பேரில் 15 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வெற்று மருந்து பெற்ற 20 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. 2000-ல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. இத்தனை தெளிவான முடிவு வலிப்பு மருந்து ஆராய்ச்சியில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஐரோப்பா 2007-ல் அனுமதித்தது. அமெரிக்கா 2018 வரை காத்திருந்தது. நடுவில் கழிந்த பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் பெரியவர்களாகிவிட்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஸ்டிரிபென்டாலில் ஒரு நுணுக்கம் உண்டு. குளோபசாமைக் கல்லீரல் கரைத்து வெளியேற்றுவதை அது தாமதப்படுத்துகிறது. குளோபசாம் உடலில் தேங்கிவிடும். குழந்தை தூங்கித் தூங்கி விழுகிறது, சோறு இறங்கவில்லை என்று புது மருந்தின் மேல் குறை சொல்லி நிறுத்திவிடுவார்கள். பல நேரம் குறைக்க வேண்டியது குளோபசாமின் அளவைத்தான். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மருத்துவருக்குப் பத்து நிமிடம் வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிகள் பிரிவில் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

ஃபென்ஃபுளூரமின் கதை இன்னும் விசித்திரமானது. உடம்பு இளைக்க விற்ற மாத்திரை அது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் விழுங்கினார்கள். இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள், பெல்ஜியத்தில் சில மருத்துவர்களைத் தவிர. குறைந்த அளவில் அது சில வகை வலிப்புகளை அடக்குவதை அவர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்திருந்தார்கள். அரசின் தனி அனுமதியோடு, இதயத்தை இடைவிடாது கண்காணித்துக்கொண்டே, ஒரு சிறு கூட்டம் நோயாளிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தார்கள். பெர்டன் கேலமன்ஸ், லீவன் லாகே ஆகியோர் 2012-ல் 12 டிராவே நோயாளிகளின் அனுபவத்தை எழுதினார்கள். அதில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் வலிப்பே இல்லை. அதன் பிறகே நிறுவனம் வந்தது, பெரிய சோதனை வந்தது. 2019-ன் இறுதியில் வெளியான 119 பேர் சோதனையில், கூடுதல் அளவு பெற்றவர்களுக்கு வலிப்பு வெற்று மருந்தோடு ஒப்பிட 62 சதவீதம் குறைந்தது. 2020 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்து வால்வைப் பார்க்க வேண்டும் என்பது கட்டாயம். அந்தச் சோதனைகளில் வால்வு நோய் எவருக்கும் வரவில்லை.

ஒதுக்கித் தள்ளிய மருந்தை அந்தப் பன்னிரண்டு பேருக்காக விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மருத்துவர்களை நான் வணங்குகிறேன். அதே மூச்சில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இது பல பத்தாண்டுப் பழைய மூலக்கூறு. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அரிய நோய் மருந்து என்ற பட்டம் கிடைத்ததும் தனியுரிமையும் பெருவிலையும் கூடவே வந்துவிடுகின்றன. 1983-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், யாரும் சீண்டாத நோய்களுக்கு மருந்து செய்ய நிறுவனங்களை இழுப்பதற்கானது. அந்த வகையில் அது நிறையச் செய்திருக்கிறது. ஆனால் விலையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

மூன்றாவது மருந்து கஞ்சாச் செடியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வலிப்பு வந்துகொண்டிருந்த ஒரு டிராவே சிறுமிக்கு, போதை தரும் பொருள் குறைந்த ஒரு கஞ்சா வகையின் எண்ணெய் கொடுக்கப்பட்டது. 2013-ல் அது தொலைக்காட்சியில் வந்ததும் குடும்பங்கள் மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தன. அந்தச் சிறுமி 2020-ல் பதின்மூன்று வயதில் இறந்துபோனாள். இடையில் அறிவியல் தன் வழியில் வந்து சேர்ந்தது. சுத்திகரித்த கன்னாபிடியாலை 120 பேரிடம் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பின் நடு அளவு 5.9 ஆனது, வெற்று மருந்தில் 14.9 இருந்தது 14.1 ஆனது. 2018-ல் அமெரிக்கா அனுமதித்தபோது நிறுவனம் அறிவித்த விலை ஆண்டுக்குச் சுமார் 32,500 டாலர்.

இந்தச் செய்தியின் பாதி மட்டும் நம் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘கஞ்சா எண்ணெய் வலிப்பைக் குணப்படுத்தும்’ என்ற பாதி. சோதனையில் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி.; 15 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 300 மி.கி. சொட்டுக் கணக்கில் இணையத்தில் விற்கும் எண்ணெயில் அந்த அளவு சேர்வது கடினம். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 கன்னாபிடியால் பொருள்களைச் சோதித்தபோது, சீட்டில் எழுதியபடி இருந்தவை 31 சதவீதம்தான். 18 பொருள்களில் போதை தரும் வேதிப்பொருள் இருந்தது. வளரும் மூளைக்கு அதைக் கொடுக்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

டோபிரமேட், கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோஜெனிக் உணவு ஆகியவையும் சிலருக்கு உதவுகின்றன. சோற்றையும் இட்லியையும் விலக்கி, தேங்காய் எண்ணெயிலும் வெண்ணெயிலும் முட்டையிலும் ஒரு குழந்தையை வளர்ப்பது எளிதல்ல. உணவியலாளர் துணையோடு மட்டுமே செய்யக்கூடியது.

இனி வரப்போவது மரபணுவையே தொடும் சிகிச்சை. சோரெவுனெர்சன் என்ற மருந்து, கெட்டுப்போன பிரதியை விட்டுவிட்டு நல்ல பிரதியைக் கூடுதலாக உழைக்க வைக்கிறது. முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போட வேண்டும். அதன் மூன்றாம் கட்டச் சோதனை 2025-ல் தொடங்கியது. அது வெல்ல வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். ஆனால் முதுகுத்தண்டு தசை நலிவு நோய்க்குப் பதினாறு கோடி ரூபாய் ஊசி என்று கேள்விப்பட்டு, குழந்தையின் படத்தைப் போட்டு ஊரெல்லாம் கையேந்திய பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம். மருந்து வந்த பிறகு உண்டியல் குலுக்கும் வேலையாக இதுவும் ஆகிவிடக் கூடாது.

தேசிய அரிய நோய்க் கொள்கை 2021-ல் வந்தது. ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2022-ல் உயர்த்தப்பட்டது. ஒரே ஊசியில் முடியும் நோய்க்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். தினமும், ஆயுள் முழுக்க மருந்து குடிக்க வேண்டிய வலிப்பு நோய்க்கு உச்சவரம்பு என்பது ஒரு தேதியில் மருந்து தீர்ந்துவிடும் என்று சொல்வதற்குச் சமம். ஸ்டிரிபென்டால் மாதிரியான மருந்துகளை அரசு மொத்தமாக வாங்கினால், உள்நாட்டில் செய்ய வைத்தால், விலை இறங்கும். உலகத்துக்கே மலிவு விலை மாத்திரை செய்து அனுப்பும் நாடு இது.

அதற்கெல்லாம் காலம் பிடிக்கும். நாளையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் வலிப்பு நோயும் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைக்கிறது. பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும்: ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு, ஒரு பக்கமாக அல்லது அரை மணி நேரம் நீடித்த வலிப்பு ஒன்றுக்கு மேல் வந்த குழந்தை என்றால், மரபணுப் பரிசோதனை அரசு செலவில். முடிவு வரும்வரை சோடியம் வாசலை அடைக்கும் மருந்துகளைத் தொடங்குமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும். பரிசோதனையில் மாற்றம் தெரிந்தாலே டிராவே என்று முடிவுகட்டவும் கூடாது. அதே மரபணுவின் லேசான மாற்றங்கள் தானாகவே அடங்கிவிடும் காய்ச்சல் வலிப்புக் குடும்பங்களிலும், ஒரு வகை ஒற்றைத் தலைவலியிலும்கூட உண்டு. முடிவைப் படித்துச் சொல்லத் தெரிந்த நரம்பியல் மருத்துவரோடு காணொலியில் பேசும் ஏற்பாடு மாவட்டந்தோறும் வேண்டும்.

வயது வந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. ‘மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை, வலிப்பும் உண்டு’ என்ற ஒற்றை வரியோடு இருபது முப்பது ஆண்டுகளாக ஃபெனிட்டாயின் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நம் வீடுகளின் பின்கட்டில் இருக்கிறார்கள். பிரிட்டனில் இப்படி வளர்ந்த நோயாளிகளைத் தேடிப் பரிசோதித்து மருந்தை மாற்றியபோது, சிலருக்கு வலிப்பு குறைந்ததோடு விழிப்பும் பேச்சும் கூடத் திரும்பின. அத்தனை வருடத்துக்குப் பிறகும் கொஞ்சம் மீட்க முடிகிறது என்பதைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

இந்த நோயுள்ள குழந்தைகளில் 15 முதல் 20 சதவீதம் பேர் வளர்ந்து ஆளாவதற்குள் இறந்துவிடுகிறார்கள். பலர் இரவில், தூக்கத்தில். ஆகவே பெற்றோர் தூங்குவதில்லை. பிள்ளையின் நெஞ்சில் கைவைத்தபடி படுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பை வீட்டிலேயே நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து இந்தியாவில் கிடைக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை மூளைக்கு ஆகும் சேதத்தை அது தடுக்கும். இரும்புச் சாவி இருந்த இடத்தில் அது இருக்க வேண்டும். அடிப்பது எப்படி என்று பாட்டிக்கும் அங்கன்வாடி ஆசிரியைக்கும் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

கூடவே ஓர் அட்டை வேண்டும். பல நாடுகளில் இந்தக் குழந்தைகளின் பையில் ஓர் அவசரக் குறிப்பு இருக்கிறது. நமக்கு அது தமிழில் வேண்டும், ஒரு பக்கம் போதும். நோயின் பெயர். தினமும் எடுக்கும் மருந்துகள். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் எத்தனை முறை அடிப்பது. தினசரி மருந்தாகக் கொடுக்கக் கூடாதவை: ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், லாமோட்ரிஜின். நள்ளிரவில் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் அழைத்துக் கேட்க ஓர் எண். குழந்தையின் எடையை மட்டும் பென்சிலால் எழுத வேண்டும். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது, சில மாதங்களுக்கொருமுறை அழித்து எழுத வேண்டியிருக்கும்.